கையால் முடுக்கிய நான்கு நட்டுகள்

புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைக்கலாம் என்றுதான் மைக் அக்கா கையை நீட்டினாள். வேறு ஒரு எண்ணமும் இல்லை. மோட்டார் சைக்கிளைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லும் அந்தத் தடித்த வொர்க்‌ஷாப் மேனுவல் நேற்றிலிருந்து சமையலறை மேசைமேல் கிடந்தது. அதன் பக்கத்தில் மகள் பாதி குடித்து வைத்துப்போன காப்பி. மகள் விடிந்ததும் விடியாததுமாக, சற்று முன்னால்தான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தாள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் அம்மா கதவை மறித்துக்கொண்டு நிற்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதரும் பூனை மாதிரி எழுந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் மைக் அக்கா புத்தகத்தை வெடுக்கென்று இழுத்தாள். அடையாளத்துக்கு அவள் கூந்தல் கிளிப்பைச் செருகியிருந்த பக்கத்தில் அது திறந்துகொண்டது.

கிளிப் இருந்த இடத்தைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மைக் அக்கா என்பது மற்றவர்கள் வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று அறிவிப்பது அவள் வேலை. அந்தக் குரல் வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. "சாப்பாடு ரெடி" என்று அவள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று கணவர் கேலி பேசுவார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். கடுகளவு திருகாணியைப் பிடித்து மாட்டும் கை. அந்தக் கை வீட்டில் சும்மா இருக்குமா? பழைய பாணியில் இப்போது செய்து விற்கிறார்களே, உருண்டை விளக்கும் நீட்டுச் சைலன்சருமாக, அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது, நானே பார்த்துக்கொள்வேன் என்று மேனுவலையும் வரவழைத்துக்கொண்டார். வேலை செய்யும்போது கையெல்லாம் கிரீஸ், புத்தகத்தைத் தொட முடியாது. ஆகவே மைக் அக்கா வாசிப்பாள், அவர் செய்வார். சொன்ன அளவுக்கு நட்டு இறுகியதும் 'டக்' என்று தானே சத்தம் போடுகிற ஒரு ஸ்பேனர் வைத்திருந்தார். 'டக்' கேட்டதும் "ஆச்சு" என்பார். மைக் அக்கா தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அந்த நட்டின்மேல் ஒரு பொட்டு வைப்பாள், பிறகு கிளிப்பை அடுத்த படிக்கு நகர்த்துவாள். எல்லாம் முடிந்ததும் அவர் வண்டியைச் சுற்றிவந்து பொட்டில்லாத நட்டு ஏதாவது உண்டா என்று பார்ப்பார். இல்லையென்றால் வேலை முடிந்தது. நல்ல ஏற்பாடுதான். ஒருவர் மட்டும் ஒழுங்கு தவறினால்தான் சிக்கல்.

நேற்று முன்சக்கரத்தின் முறை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினார்கள். சக்கரத்தின் நடுவே போகும் இரும்பு அச்சை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு மூடிகள் கவ்விப் பிடிக்கின்றன. மூடிக்கு இரண்டு நட்டு, ஆக நான்கு. அந்த நான்கையும் உடனே முடுக்கக் கூடாது என்றது புத்தகம். இப்போதைக்குக் கையால் திருகி வை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கு. முன்பக்கத்தைச் சில தடவை அமுக்கி விடு. சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு ஸ்பேனர் போட்டு முடுக்கு. இப்படி ஒரு வரிசை.

அவர் கையால் திருகினார். வண்டி பலகைமேல் ஏறி உயரத்தில் நின்றது. மைக் அக்காவுக்கோ முழங்கால் வலி. கீழே இறக்கிய பிறகு பொட்டு வைக்க வேண்டுமென்றால் இன்னும் குனிய வேண்டும். எப்படியும் முடுக்கத்தானே போகிறார், இப்போதே வைத்தால் குறைந்தா போய்விடும் என்று நான்கு பொட்டையும் வைத்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அவர் வண்டியை இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வாசலுக்கு வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள்.

"அப்பா, நாளைக்கு வண்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுமா? காலையிலயே டூட்டி."

"ஏன், பஸ் இல்லையா?" என்றாள் மைக் அக்கா. "தெனமும் தொண்ட கிழிய கத்துறேனே, ஊருக்கே கேக்குது, என் பொண்ணுக்கு மட்டும் கேக்கலையா?"

"உன் பஸ் வழியெல்லாம் நின்னு நின்னு போறதுக்குள்ள அங்க மாடு கன்னு போட்டு, கன்னு எந்திரிச்சு ஓடியே போயிடும்மா."

கணவர் சிரித்துவிட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. "லைசென்ஸ் வாங்கிட்டாள்ல? அதை ஃபிரேம் போட்டு மாட்டவா வாங்குனா?" என்றது இரண்டாவது.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. அந்த மலையில எவன் உருண்டாலும் முதல் சேதி எனக்குத்தான் வருது. எந்த வண்டி, எந்த வளைவு, எத்தன பேருன்னு நான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். நீங்க கண்ணாடி தொடச்சிட்டு இருக்கீங்க."

மகளுக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்கு எதுக்குத்தாம்மா பயமில்ல? தண்ணியப் பாத்தா பயம், நாயப் பாத்தா பயம், லிஃப்டுல ஏறப் பயம். உன் பயத்தையெல்லாம் கொண்டுவந்து என் தலையில கட்டாத."

சுருக்கென்று தைத்தது. மைக் அக்கா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள், கிளிப் உள்ளேயே இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கணவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுச் சமாதானம் செய்யப் பின்னாலேயே வந்தார். பிறகுதான் போய்ச் சாமான்களை எடுத்துவைத்தார். வழக்கம்போல் வண்டியைச் சுற்றி வந்தார். எல்லா நட்டிலும் பொட்டு இருந்தது.

இப்போது சமையலறையில் நின்று மைக் அக்கா யோசித்துப் பார்த்தாள். மகளின் குரல் காதில் இருந்தது. தன் குரல் இருந்தது. புத்தகம் மூடிய சத்தம் இருந்தது. நான்கு 'டக்' கேட்டிருக்க வேண்டுமே, ஒன்றுகூட நினைவில் இல்லை. கிளிப், 'இறக்கி அமுக்கு' என்ற படியில் நின்றது. 'முடுக்கு' என்பதற்கு அது போகவே இல்லை.

"என்னங்க!"

அவர் கண்ணாடி முன்னால் முகத்தில் நுரையோடு நின்றார். பாதி மழித்தாயிற்று.

"முன்சக்கரத்துல அந்த நாலு நட்டு. முடுக்குனீங்களா?"

"எந்த நாலு?"

"அச்சப் பிடிச்சிருக்கிற மூடி. ரெண்டு பக்கமும்."

"அதுலதான் பொட்டு இருந்துச்சே. பாத்துட்டுத்தானே எல்லாத்தையும் எடுத்து வச்சேன்."

"பொட்டு நான் முன்னாடியே வச்சுட்டேங்க. நீங்க வண்டிய எறக்குறதுக்கு முன்னாடியே."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த ரேசரைக் கீழே வைத்தார், அது வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. நுரைக்கு மேலே தெரிந்த முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவு நிதானமான மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்தாள் மைக் அக்கா. இது தன் வழக்கமான பயம் இல்லை, நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கமாட்டாள். வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயே கூப்பிட்டாலும் போனைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியது யார்? இந்த மகராசியேதான். மகள் மற்ற எதில் பேச்சு மீறினாலும் சத்தியத்தை மீறமாட்டாள்.

எதிர்வீட்டில் தண்ணீர் கேன் போடும் வேன்காரர் இருந்தார். இவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டிய தட்டலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் நல்லவர், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் அவர் வண்டி எடுக்கிற அழகு இருக்கிறதே! சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடியைத் திருப்பினார், பெல்ட்டை இழுத்து மாட்டி அது மாட்டியதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு லொடலொட என்றன.

"அண்ணே, கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

"போறேம்மா, போறேன். நாமளும் போய்ச் சேரணும்ல?"

கணவர் ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதிக் கன்னத்தில் காய்ந்த நுரையோடு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். மைக் அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"என்ன ஆகும்? மறைக்காம சொல்லுங்க."

"நல்ல ரோட்டுல ஒண்ணும் ஆகாது. கையால முடுக்குனதே கொஞ்ச நேரம் நிக்கும்."

"அப்புறம்?"

"அதிர அதிர நட்டு சுத்திக் கழண்டு வரும்."

"அப்புறம்?"

"மூடி விட்டுடும். பிரேக் பிடிச்சா அச்சு ஒரு பக்கமா நகரும்."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்காத" என்றார் அவர்.

மைக் அக்காவுக்கு ஒன்று தோன்றியது. மலைக்குப் போகும் காலைப் பேருந்து இந்நேரம் அந்த ரோட்டில்தானே இருக்கும்! நிலையத்தின் டைம் கீப்பரைக் கூப்பிட்டாள். "அண்ணே, மலை வண்டி கண்டக்டர் நம்பருக்குப் பேசுங்க. உருண்ட லைட்டு வச்ச பழைய மாடல் பைக்கு, நீல ஹெல்மெட், என் பொண்ணு. பாத்தா நிறுத்தச் சொல்லுங்க. வண்டியில பெரிய கோளாறுண்ணே." ஆயிரம் பேருக்கு அறிவிப்புச் சொல்கிற குரல், அன்றைக்கு ஒரு ஆளுக்குச் சொல்லி முடிக்கத் திணறியது.

மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தடை ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் கணவர், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார். வேன் நிற்பதற்குள் குதித்து இறங்கி, வேகத்தடைக்கு அந்தப் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வண்டி தூக்கிப் போட்டு நட்டு கழன்றிருந்தால் இங்கேதான் விழுந்திருக்கும் என்று அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பாகப் போகட்டும் என்று மைக் அக்கா வேனுக்குள் இருந்து மனசுக்குள் கெஞ்சினாள். அவர் குனிந்தார். நிமிர்ந்தார். எதையோ இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

நட்டு. அதன்மேல் சிவப்பாகப் பொட்டு.

மைக் அக்கா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தன் கையால் வைத்த பொட்டு. நன்றாகக் காய்ந்து பளபளவென்று இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தப் பொட்டு அவள் கணவருக்குச் சொல்லியிருக்கிறது, அவர் நம்பியிருக்கிறார், அவரை நம்பிப் பிள்ளை ஏறிப் போயிருக்கிறாள். கையை மூடிக்கொண்டாள்.

"இன்னும் மூணு இருக்கு" என்றார் கணவர். யாருக்குச் சொன்னாரோ தெரியவில்லை.

வேன்காரர் அதற்குமேல் கண்ணாடியையும் பார்க்கவில்லை, பெல்ட்டையும் இழுக்கவில்லை. மிதித்தார். முதல் வளைவு ஏறும்போது போன் அடித்தது. மலை வண்டி கண்டக்டர். பின்னணியில் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது.

"மைக் அக்கா, உங்க பொண்ணு எங்களுக்கு முன்னாடிதான் போகுது. இப்பத்தான் எங்கள ஓவர்டேக் பண்ணுச்சு."

"நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க!"

"நிறுத்தத்தான் பாக்குறோம். டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு, லைட்டு போடுறாரு, நான் ஜன்னல்ல தொங்கிட்டுக் கைய ஆட்டுறேன். அது திரும்பித் திரும்பிப் பாத்துட்டு இன்னும் வேகமாப் போகுதுக்கா."

தனியாகப் போகிற பெண்பிள்ளை. பின்னாலேயே ஒரு பேருந்து ஹாரனை அலறவிட்டுத் துரத்துகிறது, ஜன்னலில் ஒருவன் தொங்கிக்கொண்டு கையாட்டுகிறான். அவள் என்ன நினைப்பாள்? யாரோ வம்பு பண்ணுகிறார்கள் என்று நினைப்பாள். தப்பித்து ஓடுவாள். ஓடத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறாள் இவளும்!

"துரத்தாதீங்க! வண்டிய ஓரங்கட்டுங்க! ஹாரன் அடிக்காதீங்க, பின்னாடி போகாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்படியே நின்னுடுங்க!"

"நிறுத்தவா வேணாமாக்கா? ஒண்ணு சொல்லுங்க."

"பஸ்ஸ நிறுத்துங்கண்ணே! பஸ்ஸ!"

ஹாரன் சத்தம் அடங்கியது. கண்டக்டர் மெதுவாகச் சொன்னார்: "நின்னுட்டோம்க்கா. பொண்ணு வளைவுல திரும்பிடுச்சு. இப்பத் தெரியல."

மைக் அக்கா மறுபடியும் மகளுக்குப் போன் போட்டாள், மணி அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் மைக் அக்கா ரோட்டைப் பார்க்கவில்லை, ரோட்டின் ஓரத்தைப் பார்த்தாள். உடைந்த தடுப்புக் கம்பி, நசுங்கிய செடி, ஏதாவது நீலமாக. வழியில் மலை வண்டி ஓரமாக நின்றது, பயணிகள் எல்லாரும் எட்டிப்பார்த்தார்கள். கண்டக்டர் கையை மேலே காட்டினார். வேன் அதைக் கடந்து போனது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அவள் எத்தனை சேதி கேட்டிருக்கிறாள்! எந்த வளைவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த பேருந்தை அறிவிக்கப் போய்விடுவாள். அந்த வளைவுகள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எதிரே வந்தன. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை, அவள் உதடு மகளைத்தான் கூப்பிட்டது.

அடுத்த திருப்பத்தில் வண்டி ஜல்லியில் சாய்ந்து கிடந்தது.

மகள் பக்கத்தில் இருந்த கல் தடுப்பின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மடியில் இருந்தது. முழங்கையில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவ்வளவுதான். தலை இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. மைக் அக்கா எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் வலி எங்கே போயிற்றோ. மகளைக் கட்டிக்கொண்டு, முதுகில் இரண்டு அடி வைத்து, மறுபடி கட்டிக்கொண்டு, தலையைத் தடவி, பல்லைப் பிடித்துப் பார்த்து, என்னென்னவோ செய்தாள்.

மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பஸ் தொரத்துச்சும்மா" என்றாள். "பொறுக்கிப் பசங்க யாரோ. நான் பயந்துபோய் வேகமா முறுக்கிட்டேன். அப்புறம் வளைவு வந்துச்சு, பிரேக் பிடிச்சேன். ஹேண்டிலு என் பேச்சக் கேக்கல. கையில இருந்து புடுங்கிட்டுப் போற மாதிரி ஆட்டுச்சு. இந்தப் பக்கம் ஜல்லியில விட்டுட்டேன். அந்தப் பக்கம் போயிருந்தா..." அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் ஆகாயம்.

"போதும் கண்ணு. விடு."

"நீ சொன்னது சரிதாம்மா. எனக்கு ஓட்டத் தெரியல. பெரிய இவளாட்டம் கெளம்பி வந்தேன், ஒரு பிரேக் பிடிக்கத் தெரியல. இனிமே இதத் தொடவே மாட்டேன். பஸ்லயே போறேன். அப்பாகிட்டச் சொல்லி வித்துடச் சொல்லு." சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுத அதே அழுகை.

கணவர் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு பக்கத்து மூடி ஒரே நட்டில் தொங்கியது. அந்தப் பக்கத்து இன்னொரு நட்டு அவர்கள் கையில். மறுபக்கத்தில் ஒன்று போயிருந்தது, மற்றது பாதி கழன்று நின்றது. அவர் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். சொல் என்றும் அந்தப் பார்வை சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

மைக் அக்கா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இப்போது அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வண்டி விற்றுப் போகும். மகள் பேருந்தில் போவாள், பேருந்தில் வருவாள், எந்த மேடையில் ஏறுகிறாள் என்று மைக் முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். மலையிலிருந்து சேதி வந்தால் இனி வயிறு கலங்காது. இந்தப் பயத்திலிருந்து காலத்துக்கும் விடுதலை. கேட்டதெல்லாம் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. அவளுக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்று உணர்ந்தபோது, தோளில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

"உனக்கு ஓட்டத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சதுனாலதான் உக்காந்திருக்க. தப்பு எங்கமேல. என்மேல."

மகள் தலையைத் தூக்கினாள்.

மைக் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கால் வலி, முன்னாடியே வைத்த பொட்டு, மூடிய புத்தகம், துரத்திய பேருந்து எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை, ஒரு காரணத்தையும் பெரிதாக்கவில்லை. கையைத் திறந்து நட்டைக் காட்டினாள்.

மகள் அதையே பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைத் தன் முதுகிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பஸ்ஸையும் நீதான் அனுப்புனியா?"

"ஆமா."

"செத்துருப்பேன்மா நான்."

"ஆமா" என்றாள் மைக் அக்கா.

மகள் எழுந்துபோய் வண்டியின் பக்கத்தில் நின்றாள். அதற்குள் மலை வண்டி மெல்ல ஏறிவந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "ஏம்மா, எங்கள என்னன்னு நெனச்ச?" என்றார் பரிதாபமாக. டிரைவர் தன் சாமான் பெட்டியைக் கொட்டிக் கிளறி, பல நட்டுகளைப் போட்டுப் பார்த்து, பொருந்துகிற ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கணவர் அச்சைச் சரியாக உட்காரவைத்து, நான்கையும் கையால் திருகி, வண்டியை நிமிர்த்தி முன்பக்கத்தை அமுக்கினார். பையிலிருந்து 'டக்' ஸ்பேனரை எடுத்தார்.

"குடுங்கப்பா" என்றாள் மகள். "உங்க ரெண்டு பேரையும் இனி நம்ப முடியாது."

அவளே மண்டிபோட்டு முடுக்கினாள். ஒவ்வொன்றும் 'டக்' என்றது. ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்தாள். கணவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டார், பிரேக்கைப் பிடித்தார், ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தது. பேருந்து கிளம்பிப் போயிற்று.

மகள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேன்ல ஏத்திடலாம்ப்பா" என்றாள் கடைசியில். "என்னால முடியாது. கையே நிக்கல."

"ஏத்திடலாம்" என்றார் வேன்காரர். "கேனெல்லாம் ஒதுக்கிட்டா எடம் இருக்கு."

மைக் அக்கா கணவரிடம் வந்தாள். "உங்க ஹெல்மெட்டு எங்க?"

"வீட்டுல. எதுக்கு?"

வேன்காரர் முன்சீட்டுக்கு அடியிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரிது. அதை மாட்டிக்கொண்டபோது மைக் அக்காவின் மூக்கு வரைக்கும் இறங்கியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் வண்டியின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா பண்ற?"

"டூட்டிக்கு நேரமாகலையா உனக்கு? ஏறு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

"நீயா?" மகள் அவளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் பாதி நுரை முகத்தோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மகள் மெதுவாக ஹெல்மெட்டை மாட்டினாள், வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். மைக் அக்கா தட்டுத்தடுமாறிப் பின்னால் ஏறினாள். மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். பிடித்த கையில் மகளின் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. தன் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்துக்கொண்டது, அது அவள் முதுகில் தெரியாமல் இருக்குமா?

முன்னால் மலை இன்னும் பாதி இருந்தது. பக்கத்தில் ஆகாயம் இருந்தது.

"அம்மா, பயமா இல்லையா?"

"உசுரே போகுது" என்றாள் மைக் அக்கா. "நீ ஓட்டு."